எண்ணூர்க் கழிமுகத்தின் 'காக்கா ஆழி': சிற்றின அடையாளத்தில் உடற்கூற்றுச் சான்றும் மரபணுச் சான்றும்

ஆய்வுச் சுருக்கம்

வடசென்னை எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியுள்ள 'காக்கா ஆழி' எனும் இருவோட்டுச் சிப்பி, தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா என்னும் அயல் சிற்றினமாகும். இத்தகைய புதுவரவை அடையாளம் காண்பதில் உடற்கூற்றுச் சான்றும் மரபணுச் சான்றும் எவ்வாறு பயன்படுகின்றன, அவை எங்கே தவறக்கூடும், பழம்பதிவுகள் அவற்றுக்கு எவ்வகையில் துணைநிற்கின்றன என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. குமரிக் கடலோரப் பழுப்பு ஆழியின் பெயர் வரலாறு ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: எண்ணூர், நெட்டுக்குப்பம், காக்கா ஆழி, மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா, அயல் சிற்றினம், மரபணுப் பட்டைக்குறி.

முன்னுரை

கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டி நெட்டுக்குப்பம் அமைந்துள்ளது. முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம் முதலிய ஊர்களைப் போலவே இவ்வூர் மக்களும் கழிமுகத்தின் இறாலையும் மீனையும் நம்பி வாழ்பவர்கள். கழுத்தளவு நீரில் நின்று, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் முறை இப்பகுதியில் இன்றும் உண்டு. அம்முறைக்கு ஆற்றின் அடித்தளம் மென்சேறாக இருத்தல் வேண்டும். அண்மை ஆண்டுகளில் அச்சேற்றின்மேல் கருநிறச் சிப்பிகள் ஒன்றோடொன்று பின்னிக் கம்பளம் விரித்தாற்போல் படர்ந்துவிட்டன. இறால் புதைந்து வாழ இடமில்லை. தடவும் கைகளை ஓட்டின் விளிம்புகள் கிழிக்கின்றன. வலைகள் அறுபடுகின்றன என்று மீனவர்கள் முறையிடுகின்றனர். அவர்கள் இச்சிப்பிக்கு இட்ட பெயர் 'காக்கா ஆழி'. ஓட்டின் கருநிறம் கருதி இப்பெயர் அமைந்திருக்கலாம்.

இச்சிப்பி எது என்னும் வினா வகைப்பாட்டியலாருக்கு மட்டும் உரியதன்று. இது இம்மண்ணுக்குரிய சிற்றினம் எனில், அதன் பெருக்கம் ஆற்றின் சீர்கேட்டால் நேர்ந்த உள்ளூர் மாற்றமாகவே கருதப்படும். கடல் கடந்து வந்தது எனில், எவ்வழி வந்தது, அதனை அகற்றும் செலவு யாருடையது என்னும் வினாக்கள் எழும். பழவேற்காடு, எண்ணூர் நீர்நிலைகளில் இச்சிப்பி பரவியது குறித்த வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை சென்றுள்ளது. ஆகவே பெயர் பிழையின்றி அமைதல் இங்கே வாழ்வாதாரச் சிக்கலும் ஆகிறது.

இருவகைச் சான்றின் தேவை

ஒரே தோற்றமுடைய உயிர்கள் வெவ்வேறு சிற்றினங்களாக இருக்கலாம். வேறுபட்ட தோற்றமுடையவை ஒரே சிற்றினமாகவும் இருக்கலாம். முதல்வகைக்குக் கருப்பு ஈக்கள் நல்ல சான்று. ஆப்பிரிக்காவில் ஆற்றுக்குருடு நோயைப் பரப்பும் சிமுலியம் டாம்னோசம் நெடுங்காலம் ஒற்றைச் சிற்றினமாகவே எண்ணப்பட்டது. 1966-இல் டன்பார், அதன் இளவுயிரிகளின் உமிழ்நீர்ச் சுரப்பியில் உள்ள பெருங்குரோமோசோம்களின் வரிகளை ஒப்பிட்டு, அப்பெயரின்கீழ் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் மறைந்திருப்பதைக் காட்டினார். நோய்பரப்பும் திறன் அவ்வடிவங்களுக்கிடையே வேறுபட்டமையால், வெறும் பெயர்ப்பிரிப்பாகத் தோன்றிய அவ்வாய்வு நோய்த்தடுப்புப் பணியையே மாற்றியது.

கருப்பு ஈக்கள் ஓடும் நன்னீரில் வளர்பவை. எண்ணூரின் உவர்நீருக்கு உரியவை அல்ல. எனினும் அவற்றைக் கொண்டு கற்ற பாடம் இச்சிப்பிக்கும் பொருந்தும். அங்கே ஒரு பெயருக்குள் பல சிற்றினங்கள் இருந்தன. ஆழிகளிடத்திலோ பெரும்பாலும் ஒரு சிற்றினத்தின்மேல் பல பெயர்கள் ஏறிக்கிடக்கின்றன.

ஒரு சிப்பி, இரண்டு பெயர்

காக்கா ஆழி பற்றிய ஆய்வுகளைத் தேடுவோர் முதலில் இடறுவது இதில்தான். 2018-க்கு முந்திய ஆய்வுகளுள் பெரும்பாலானவை இதனை மைட்டெல்லா சாருவானா என்றே குறிக்கின்றன. தோர்பினி வைத்த அப்பெயருக்கு 1842 என்னும் ஆண்டு வழங்கிவந்தது. ஹான்லி இதே சிப்பிக்கு ஸ்ட்ரிகாட்டஸ் எனப் பெயரிட்டது 1843-இல். முந்தியதே முறையான பெயர் என்பது விலங்கியற் பெயரிடல் விதியாதலால் சாருவானா நிலைத்தது. சிங்கப்பூரில் இச்சிப்பியை ஆராய்ந்த லிம் முதலியோர் 2018-இல் வெளியிட்ட கட்டுரையில், தோர்பினியின் பெயர் முறைப்படி வெளியான ஆண்டு 1846 என்று காட்டினர். அதனால் ஹான்லியின் பெயர் முன்னுரிமை பெற்றது. சாருவானா பிந்திய ஒத்தபெயராயிற்று. உயிரியில் எம்மாற்றமும் இல்லை; நூலின் வெளியீட்டு ஆண்டு மட்டுமே திருத்தப்பட்டது. பதிப்பு ஆண்டின் அருமை சுவடி ஆய்வாளர்க்கும் பழைய அச்சுநூல் ஆய்வாளர்க்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிப்பியியலிலும் அதன் நிலை அதுவே.

இதன் பயன்பாட்டு விளைவு சிறிதன்று. ஸ்ட்ரிகாட்டா என்று மட்டும் தேடுபவருக்கு, இச்சிப்பியின் உவர்ப்புத் தாங்குதிறன், வெப்பத் தாங்குதிறன், பால்மாற்றம் பற்றிய அமெரிக்க ஆய்வுகள் பலவும் கண்ணில் படாமற் போகும்.

ஓடும் உள்ளுறுப்பும்

களத்தில் முதலிற் கிடைப்பது உடற்கூற்றுச் சான்றே. காக்கா ஆழியின் ஓடு வழவழப்பானது. விசிறிபோல் விரியும் விலாவரிகள் அற்றது. வளர்ச்சி வரிகள் மட்டும் உடையது. நிறம் கரும்பழுப்பு முதல் கருமை வரை அமையும். சிலவற்றில் பசுமை படர்ந்த தளத்தின்மேல் அலைபோன்ற கோலங்கள் காணப்படும். உட்புறம் ஊதா நிறம் பாய்ந்த மினுமினுப்பு உடையது. ஒரே கொத்தில் கருநிறத்தனவும் கோலமுள்ளனவும் கலந்திருப்பதால், நிறத்தை மட்டும் கொண்டு முடிவு செய்பவர் ஒன்றை இரண்டாக எண்ணிவிடக்கூடும்.

நம் கடலோரத்தில் இதனோடு மயங்கத்தக்கவை சில உள. அவற்றுள் நன்கறியப்பட்டது பச்சை ஆழியாகிய பெர்னா விரிடிஸ். இளமையில் இதன் ஓடு பளிச்சிடும் பச்சையாயினும், முதிர்ந்தவற்றில் பழுப்பேறும்; சேறும் பாசியும் படிந்தால் நிறம் துணைசெய்யாது. அப்போது ஓட்டைத் திறந்து பார்ப்பதே வழி. பெர்னாவுக்கு முன்மூடுதசை இல்லை; ஆதலின் அலகுமுனைக்கு அருகில் அத்தசையின் தழும்பும் இராது. மைட்டெல்லாவில் அத்தழும்பு சிறிதாயினும் உண்டு. மேலும், பெர்னாவின் கீல்நாரைத் தாங்கும் வரம்பில் நுண்குழிகள் காணப்படும். இவ்விரு அடையாளங்களும் கைவில்லை ஒன்றிருந்தால் எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் காணத்தக்கவை.

மைட்டிலாப்சிஸ் சாலி என்னும் மற்றோர் அமெரிக்கச் சிப்பியும் கருநிறமுடையது, கொத்தாக வளர்வது. 1967-இல் விசாகப்பட்டினத் துறைமுகத்தில் அறியப்பட்டுப் பின்னர் மும்பைக்கும் பரவியது. வெளித்தோற்றத்தில் ஆழியை ஒத்தாலும் அது வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் ஓட்டின் உள்முனையில் சிறு திண்ணை போன்ற தகடு ஒன்று குறுக்கே அமைந்திருக்கும். ஆழிகளில் அத்தகடு இல்லை. பிராகிடான்டஸ் பேரினத்தை அதன் விலாவரிகளே காட்டிக்கொடுக்கும்.

உடற்கூற்றுச் சான்றின் வலிமை அது மலிவானது, உடனடியானது என்பது. அதன் மெலிவு, சிப்பிகளின் ஓடு சூழலுக்கேற்ப வளைந்துகொடுப்பது. நெருக்கமாக வளர்ந்தவை ஒடுங்கி நீளும். தனித்து வளர்ந்தவை அகலும். அலையடியில் ஓடு தடிக்கும். நீள அகல விகிதத்தை மட்டும் அளந்து சிற்றினம் பிரித்த பழைய பெயர்கள் பல இவ்வாறே உதிர்ந்தன.

மரபணுச் சான்று

விலங்குகளின் அடையாளத்துக்கு மிகுதியும் பயன்படுவது, மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் முதல் துணையலகு மரபணுவின் ஏறத்தாழ 650 எழுத்து நீளமுள்ள பகுதி. ஃபோல்மர் முதலியோர் 1994-இல் வடிவமைத்த தொடக்கிகள் பல்வேறு கடல்விலங்குகளில் இப்பகுதியைப் பெருக்க உதவின. 2003-இல் ஹீபர்ட் முதலியோர் இதனை உயிர்களின் 'பட்டைக்குறி'யாக முன்மொழிந்தனர். ஒரு சிற்றினத்துக்குள் இத்தொடரின் வேறுபாடு சிறிதாகவும், சிற்றினங்களுக்கிடையே பெரிதாகவும் இருக்கும் என்பது இம்முறையின் அடிப்படை.

பிலிப்பைன்ஸில் பரவிய சிப்பியை ரைஸ் முதலியோர் 2016-இல் அடையாளம் கண்டதும், சிங்கப்பூரில் லிம் முதலியோர் பெயரை உறுதிசெய்ததும் ஓட்டின் அமைப்போடு இத்தொடரையும் ஒப்பிட்டே. இந்தியாவில் கொச்சிக் காயலிலிருந்து ஜெயச்சந்திரன் முதலியோர் 2019-இல் வெளியிட்ட முதற்பதிவும் இவ்வகையினதே. அதே ஆண்டில் பிஜு குமார் முதலியோர் கேரளக் கடலோரத்திலும் அஷ்டமுடிக் காயலிலும் இது விரைந்து பரவுவதைப் பதிவுசெய்து, காயல் மீனவரின் வாழ்வு என்னாகும் என்னும் வினாவைக் கட்டுரைத் தலைப்பிலேயே எழுப்பினர். மட்டி அள்ளும் தொழிலுக்காக 2014-இல் பன்னாட்டுச் சான்றிதழ் பெற்ற காயல் அது என்பதை நோக்க, அவ்வினாவின் கூர்மை விளங்கும்.

ஆழிகளின் மரபணுவைப் படிப்பதில் தனித்ததொரு பொறியும் உண்டு. விலங்குகளில் மைட்டோகாண்ட்ரியா தாய்வழியே வருவது பொதுவிதி. ஆழிக் குடும்பத்தில் பல சிற்றினங்கள் இதற்கு விலக்கு. அவற்றில் தாயின் மைட்டோகாண்ட்ரியா எல்லாச் சந்ததிக்கும் செல்ல, தந்தையின் விந்துவழி வருவது ஆண் சந்ததியில் மட்டும் நிலைத்து, விந்துத் திசுவில் செறிகிறது. 'இருவழி ஒற்றைப்பெற்றோர் மரபு' எனத்தக்க இவ்வியல்பு இச்சிப்பியிலும் இருப்பதற்கான அறிகுறிகளை ஆல்வெஸ் முதலிய பிரேசில் ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்டனர். தாய்வழித் தொடரும் தந்தைவழித் தொடரும் நெடுங்காலம் தனித்தனியே வளர்ந்தவையாதலால், அவற்றின் வேறுபாடு இரு சிற்றினங்களுக்கிடையே காணப்படும் வேறுபாட்டையே எட்டக்கூடும். ஆகவே ஆண் சிப்பியின் இனப்பெருக்கத் திசுவை அறியாமல் எடுத்துத் தொடர்வரிசை கண்ட ஒருவர், கையில் இருப்பது 'புதிய சிற்றினம்' என்று நம்பிவிடலாம்.

இதனைத் தவிர்க்கத் திசுத்தேர்வில் கவனம் வேண்டும். ஆழிகளில் இனப்பெருக்கத் திசு மேலுறைக்குள்ளும் பரவும் இயல்புடையது. எனவே எளிதில் கிடைக்கிறது என்று மேலுறையை எடுத்தல் தகாது. மூடுதசையோ காலோ எடுத்தல் நன்று. ஆணின் உடல்திசுவிலும் சிலபொழுது இருவகைத் தொடரும் கலந்து வரலாம் என்பதால், பாலை நுண்ணோக்கியில் உறுதிசெய்து பெண் மாதிரிகளைச் சேர்த்துக்கொள்வதும், உட்கருவில் உள்ள 18எஸ், 28எஸ் போன்ற மரபணுக்களில் ஒன்றையேனும் உடன்படிப்பதும் பாதுகாப்பானவை. பதப்படுத்தும் நீர்மமும் இங்கே முதன்மை பெறுகிறது. ஃபார்மலினில் இட்டால் உடலின் வடிவம் காக்கப்படும், மரபணு சிதையும். செறிந்த எத்தனாலில் மரபணு நிற்கும், தசை சுருங்கும். இருவகைச் சான்றும் வேண்டுவோர் ஒரே கொத்திலிருந்து இரண்டு குப்பிகள் நிரப்ப வேண்டும். எளிய செய்தியாயினும் களப்பணியில் மிகுதியும் தவறவிடப்படுவது இதுவே.

குமரிக் கடலோரத்தின் பழுப்பு ஆழி

சான்றுகள் முரண்படும்போது என்ன நிகழும் என்பதற்குத் தமிழகக் கடலோரமே விளக்கம் தருகிறது. வர்க்கலை முதல் கன்னியாகுமரி வரையிலும், அங்கிருந்து திருச்செந்தூர் வரையிலும் பாறைகளில் வளரும் பழுப்பு ஆழியை, குரியாகோஸ், பாலகிருஷ்ணன் நாயர் ஆகியோர் 1976-இல் பெர்னா இண்டிகா என்னும் புதிய சிற்றினமாக விவரித்தனர். நிறம், ஓட்டின் வடிவம், மேலுறை விளிம்பின் நிறம் முதலியவற்றால் இது பச்சை ஆழியினின்று தெளிவாக வேறுபட்டது. அவ்வேறுபாடு மெய்யானதே. ஆயின் பச்சை ஆழியன்று என்பதால் அது புதியது என்று ஆகிவிடாது. உலகின் பிற பழுப்பு ஆழிகளோடும் ஒப்பிட வேண்டும். 1980-இல் பெர்னா பேரினத்தை மறுஆய்வு செய்த சிடால் மூன்று சிற்றினங்களை மட்டுமே ஏற்றார். இண்டிகா அவற்றுள் இடம்பெறவில்லை. இருப்பினும் இந்திய மீன்வள நூல்களில் அப்பெயர் தொடர்ந்து வழங்கியது.

2016-இல் கார்டனர், பாட்டர்சன் எட்வர்ட் முதலியோர் பல்வகைச் சான்றுகளையும் இணைத்து, இச்சிப்பி பெர்னா பெர்னா என்னும் பரந்து வாழும் சிற்றினமே என்றும், ஓமான் பகுதியிலிருந்து நூறாண்டுகளுக்கு முன்பே தென்னிந்தியாவுக்கு வந்து சேர்ந்தது என்றும் முடிவுகண்டனர். நாற்பது ஆண்டுகள் 'இந்தியச் சிற்றினம்' என்று பெயராலேயே உரிமை கொண்டாடப்பட்ட ஒன்று, விருந்தாக வந்தது என்று தெரியவந்தது. உடற்கூற்று ஆய்வு இங்கே பொய்த்தது என்று கொள்ளுதல் பொருந்தாது. ஒப்பீட்டின் எல்லை குறுகியதே பிழைக்குக் காரணம். அப்பிழை மரபணு ஆய்விலும் அவ்வாறே நேரும்; தரவுத்தளத்தில் பக்கத்து வீட்டுச் சிற்றினம் இல்லையெனில், பட்டைக்குறியும் தொலைவில் உள்ள உறவையே காட்டி நிற்கும். அங்கே மாதிரியைத் தவறாகப் பெயரிட்டுப் பதிந்தவர் ஒருவர் இருந்தால், அப்பிழை பின்வருவோர் அனைவருக்கும் தொற்றும்.

பழம்பதிவும் வந்த வழியும்

புதுவரவு என்று ஒன்றைச் சொல்ல, அது முன்பு இல்லை என்பதற்கான சான்று வேண்டும். மரபணுவால் அதனைத் தர இயலாது. அதற்குப் பழம்பதிவுகளையே நாட வேண்டும். இவ்வகையில் சென்னை கொடுத்துவைத்த ஊர். சென்னைத் துறைமுகத்தில் ஒட்டி வளரும் உயிர்களின் வளர்ச்சியை எம். டி. பால் 1942-லும், அவற்றின் பருவ மாற்றத்தை ஏ. டேனியல் 1954-லும் விரிவாக வெளியிட்டனர். குருசடைத் தீவின் இருவோட்டுச் சிப்பிகளைச் சத்தியமூர்த்தி சென்னை அரசு அருங்காட்சியக வெளியீடாக 1956-இல் தொகுத்தார். கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் குளிர்விப்புச் சுரங்கத்தில் படியும் ஆழிகள் பற்றி நீண்டநாள் ஆய்வுகள் உண்டு. இவற்றின் பட்டியல்களை இன்றைய மாதிரிகளோடு வைத்து நோக்கும்போதே 'இல்லை' என்பது எடையுள்ள சொல்லாகிறது.

வந்த வழி பற்றிய ஐயம் முதன்மையாகக் கப்பல்களின் நிலைப்புநீர்மேல் விழுகிறது. சரக்கின்றி வரும் கப்பல் நிலைதடுமாறாமலிருக்க ஒரு துறைமுகத்தில் ஏற்றும் நீரை மற்றொரு துறைமுகத்தில் வெளியேற்றும். அந்நீரில் சிப்பியின் நீந்தும் இளவுயிரிகள் பயணிக்கும். கப்பலின் அடிப்புறத்தில் முதிர்ந்த சிப்பிகளே ஒட்டிவருவதும் உண்டு. எண்ணூர்க் கழிமுகத்துக்கு அருகிலேயே 2001-இல் செயற்படத் தொடங்கி, 2014 முதல் காமராசர் துறைமுகம் எனப்படும் பெருந்துறைமுகம் உள்ளது. காட்டுப்பள்ளித் துறைமுகமும் தெற்கே சென்னைத் துறைமுகமும் உள. அண்மை மட்டும் கொண்டு இவற்றுள் ஒன்றைச் சுட்டுதல் ஆய்வு நெறியன்று. எண்ணூர்ச் சிப்பிகள் அமெரிக்கக் கரையிலிருந்து நேரே வந்திருக்கலாம். சிங்கப்பூரில் தங்கி வந்திருக்கலாம். கேரளக் கரையிலிருந்தும் வந்திருக்கலாம். வந்தேறிய கூட்டங்கள் பெரும்பாலும் சில முன்னோரிடமிருந்து பெருகியவையாதலால் அவற்றின் பட்டைக்குறித் தொடர்கள் ஒன்றுபோலவே அமையக்கூடும். அத்தகைய நிலையில் 650 எழுத்துகள் சிற்றினத்தைச் சொல்லும்; பயண வழியைச் சொல்லா. அதற்கு மரபணுத்தொகுதி முழுவதிலும் பரந்த குறியீடுகளைப் பல துறைமுகங்களின் மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். தீர்ப்பாயங்களில் மரபணுச் சான்றை முன்வைப்போர் இவ்வேறுபாட்டை மறைக்காமல் கூறுதல் மீனவர்க்கே நன்மை. மிகைப்படுத்திய சான்று எதிர்த்தரப்பின் முதற்கேள்வியில் சரியும்.

இச்சிப்பி எண்ணூரில் வேரூன்றியதன் காரணத்தை அதன் உடலியல் ஓரளவு விளக்குகிறது. படிப்படியாகப் பழக்கினால் ஆயிரத்தில் 2 பங்கு முதல் 40 பங்கு வரையிலான உவர்ப்பில் இது பிழைப்பதை அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. வடகிழக்குப் பருவமழையில் நன்னீராகவும் கோடையில் கடலினும் உவர்ப்பாகவும் மாறும் கழிமுகத்துக்கு ஏற்ற இயல்பு இது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் இது முதன்முதலில் அறியப்பட்டதும், 1986-இல், புளோரிடா ஜாக்சன்வில் நகர மின்நிலையம் ஒன்றின் கடல்நீர்க் குழாய்களில்தான். அக்கூட்டம் நிலைக்கவில்லை, 2004-இல் அம்மாநிலத்தில் மீண்டும் காணப்பட்டது. ஆகையால் வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்களின் நீரேற்று வாய்களும் கண்காணிக்கத்தக்க இடங்களே. இதே சிப்பி பிரேசிலின் அலகோவாஸ் மாநிலத்தில் 'சுருரு' என்னும் பெயரில் விரும்பி உண்ணப்படுகிறது. 'பிடித்துத் தின்றுவிடலாமே' என்னும் எளிய தீர்வு இதனால் தோன்றக்கூடும். நீரை வடிகட்டி உண்ணும் உயிரி, நிலக்கரிச் சாம்பலும் தொழிற்சாலைக் கழிவும் கலக்கும் ஆற்றில் எதைத் தன்னுள் சேர்க்கும் என்பதை அளக்காமல் அதைச் சொல்லலாகாது.

இறால் குறைவு முழுவதற்கும் இச்சிப்பியையே காரணமாக்குவதும் பொருந்தாது. சாம்பல் படிவு, வெந்நீர் வெளியேற்றம், கரைகளை மேடாக்கியமை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு பரவிய எண்ணெய் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த கழிமுகம் இது. சிப்பி படர்ந்த தளத்தையும் படராத தளத்தையும் ஒரே பருவத்தில் ஒப்பிட்டு இறாலை எண்ணினாலன்றி, ஒவ்வொன்றின் பங்கும் பிரிபடாது.

இவ்வொப்பீட்டுக்கு வேண்டிய களவறிவு நெட்டுக்குப்பத்திலும் காட்டுக்குப்பத்திலும் உள்ளது. எந்த ஆண்டில், எந்த மடுவில், எத்தகைய சேற்றில் முதற்கொத்து கைக்குத் தட்டுப்பட்டது என்பதை இறால் தடவுவோர் நினைவிலிருந்து சொல்ல வல்லவர்கள். பரவிய வரிசையை இடமும் காலமுமாக வரைவதற்கு அந்நினைவைவிட நெருக்கமான ஆவணம் வேறில்லை. மாதிரி சேகரிப்போர் ஒரு பகுதியைச் சாந்தோமில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கடல் உயிரியல் மண்டல மையத்தில் சான்றுமாதிரியாக ஒப்படைக்கும்போது, சீட்டில் இடம், நாள், உவர்ப்பு, ஆழம், திசுக்குப்பியின் எண் ஆகியவற்றோடு 'காக்கா ஆழி' என்னும் ஊர்ப்பெயரையும், அது முதலில் காணப்பட்டதாக மீனவர் கூறும் ஆண்டையும் சேர்த்து எழுத வேண்டும். சாருவானா ஸ்ட்ரிகாட்டாவாக மாறியதுபோல அறிவியற்பெயர் இனியும் மாறக்கூடும். அப்போதும் அக்குப்பியைத் தேடி எடுக்க அவ்வூர்ப்பெயர் உதவும்.